ஆறை அரையால்

சன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாள்களை
உரிக்கச் சொன்னார் புதிதாய் வந்த தலைமையாசிரியை.
போன வருட நாள்காட்டி, தேர்வு அட்டவணை,
நிறம் வெளுத்த தேசியக் கொடி.
எதற்காக ஒட்டினோம் என்று
எங்களுக்குத்தான் தெரியும்:
நடைபாதையில் போகிறவர் கண்ணில்
எங்கள் பாடம் பட்டுவிடக் கூடாது.

பசை போக இரண்டு நாளானது.
மண்ணெண்ணெய்த் துணியோடு வந்த காவலாளி சின்னமுத்து
"உள்ள என்ன சார், தங்கமா இருக்கு?" என்றார்.

சுங்கை மெராந்தித் தமிழ்ப்பள்ளி.
மாணவர் அறுபத்து மூவர், நாயன்மார் கணக்கு.
காற்று திரும்பினால் செம்பனை ஆலையின் நெடி
வருகைப் பதிவேடு வரைக்கும் ஏறும்.
பத்தொன்பது ஆண்டாய் இங்கே கணிதம் என் பாடம்.

ஒருவர் வகுப்பில் இன்னொருவர்
உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார் அவர்.
ஆசிரியர் அறையில் யாரும் மறுக்கவில்லை.
மூலையில் மின்விசிறி மட்டும்
இல்லை இல்லை என்று தலையாட்டியது.

செவ்வாய்க்கிழமை, ஐந்தாம் ஆண்டு.
கடைசி வரிசையில் சிறுபிள்ளை நாற்காலியில்
முட்டி இடிக்க குணவதி டீச்சர்.
ஆறை அரையால் வகு.
தலைகீழாக்கு, பெருக்கு, பன்னிரண்டு.
பேனா மூடியைத் திருகுகையில் கவிஷா கேட்டாள்:
"வகுத்தா குறையணுமே சார், எப்படிக் கூடுச்சு?"

இதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன், வெகுகாலமாய்.
"சொன்னதைச் செய்."
அது பதிலே இல்லை என்று யாரும் சொன்னதில்லை.
கதவு சாத்தியிருந்தது,
தாள் ஒட்டியிருந்தது.

அன்றைக்கு வெயில் கண்ணாடி தாண்டி
என் சட்டைக் கை வரை வந்து நின்றது.
"தெரியலம்மா" என்றேன்.
"விடை தெரியும். ஏன்னு தெரியல."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.
தெவின்ராஜ் பென்சில் சீவுவதை நிறுத்தினான்.
குணவதி டீச்சர் ஏதோ எழுதினார்,
என்ன எழுதினார் என்று இன்னும் காட்டவில்லை.

ஓய்வு நேரம், சிற்றுண்டிச்சாலை.
பழக்குலை லோரி ஓட்டுபவரின் மகன் தெவின்ராஜ்
நான்கு பேரிடம் பிடுங்கிய ஆறு ரொட்டியை
என் முன்னால் வைத்துப் பாதி பாதியாய்க் கிழித்தான்.
"ஆறுக்குள்ள எத்தனை அரை இருக்குன்னுதான் சார் கேக்குறாங்க.
பங்கு போடச் சொல்லல. எண்ணச் சொல்றாங்க."
பன்னிரண்டையும் எண்ணினோம்.
ரொட்டிக்குச் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.
நிரூபணம் குழம்பில் நனைந்து
இரண்டே நிமிடத்தில் தீர்ந்தது.

ஆண்டிறுதி மதிப்பெண் பெரிதாய் ஏறவில்லை.
நான்காம் ஆண்டு சன்னலில்
மறுபடி ஒரு நாள்காட்டி முளைத்திருக்கிறது.
தலைமையாசிரியை பார்த்தும் பாராமல் போகிறார்.
பிரம்பு இன்னும் அலமாரிக்கு மேல்தான்,
தூசியோடு, கைக்கு எட்டும் உயரத்தில்.

நாளை எட்டரைக்கு என் முறை.
குணவதி டீச்சரின் அறிவியல், கடைசி வரிசை.
அந்த நாற்காலி என்னைத் தாங்குமா என்று
சின்னமுத்துவைக் கேட்டேன்.
"தெரியல சார்" என்றவர்
ஆணி எடுக்கப் போனார்.