நூற்றுப் பதினான்காம் கம்பம்

எண்ணூர் விரைவுச் சாலையில்
நூற்றுப் பதினான்கு என்று எழுதிய விளக்குக் கம்பத்தடியில்
நடையை நிறுத்தி வைத்தேன்.
சாக்பீஸால் ஒரு கோடு.
கொத்தபட்டினத்தில் தொடங்கி இருபத்திரண்டு நாளாக
ஒரே சட்டம்:
எந்த வண்டியிலும் ஏறலாம், எங்கும் போகலாம்,
விட்ட கோட்டுக்கே திரும்பி வந்து
அங்கிருந்துதான் அடுத்த அடி.

பையில் மிச்சம்
ஒரு கைப்பிடி அவல்,
நமுத்த கடலை மிட்டாய்,
பற்பசைக் குழாயின் கழுத்தில் கொஞ்சம்.
இடது செருப்பு சூலூர்பேட்டையிலிருந்தே
வாய் பிளந்து மண் தின்றுகொண்டு வருகிறது.

கட்டைவிரல் நீட்டினால் இங்கே எவரும் நிறுத்துவதில்லை.
உள்ளங்கையைத் தரை பார்க்கக் கவிழ்த்து
குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல்
அசைக்க வேண்டும்.
நின்றது ஒரு கன்டெய்னர் லாரி.
ஏறி உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது,
அது எனக்காக நிற்கவில்லை.
முந்தாநாளிலிருந்தே நிற்கிறது.

நல்லுசாமி, சங்ககிரிக்காரர்.
ஸ்டியரிங்கில் துவைத்த பனியன் காய்கிறது.
துறைமுக வாசல் வரைக்கும் வரிசை.
ஒரு மணி நேரம் பேசினோம்,
ஒரே ஒரு முறை கியர் போட்டார்.
நூற்றுப் பதினைந்தாம் கம்பம்
ஜன்னலருகே வந்து நின்றுகொண்டது.

"நடக்கறவங்க வண்டி ஏறுனா கணக்கு தப்பாதுங்ளா?"
தப்பும், அதற்குத்தான் கோடு என்றேன்.
"நம்மளப் பாருங்க, பதினாலு சக்கரம்.
எறும்பு முந்திட்டுப் போவுது."

இறங்கும்போது பீடிக்கட்டின் காகிதத்தில் எழுதித் தந்தார்:
பூவன் ஒரு சீப்பு,
காய்ச்சல் மாத்திரை,
தீப்பெட்டி.
நாலாய் மடித்த நூறு ரூபாய்.

காசிமேட்டுக்குத் திரும்பும் மீன்பாடி வண்டியில்
ஐஸ் உருகிய ஈரப்பலகை.
"குந்திக்கோக்கா, நாறும், அவ்ளோதான்."
நாறியது. நானும்தான்.

திருவொற்றியூர் தேரடி, ஜெசிந்தா டைலர்ஸ்.
தையல் மெஷினுக்கு அடியில்
ஒரு மாதம் முன்பு எனக்கு நானே அனுப்பிய பார்சல்.
பிரித்தேன்:
மூன்றாவது சட்டை, குடை, குண்டு நாவல்,
உப்புச் சர்க்கரைப் பொட்டலம் பன்னிரண்டு,
என் கையெழுத்தில் ஒரு சீட்டு:
'சென்னை வந்துவிட்டாயா? வலது முட்டி எப்படி?'
வலிப்பது இடது.

பொட்டலங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
சட்டையை விரித்துப் பார்த்த ஜெசிந்தா
"பட்டன் நல்லாருக்கு" என்றார்.

செருப்புத் தையல் இருபது ரூபாய்.
கால் கிலோ பொட்டுக்கடலை கேட்டேன்,
அரைக் கிலோ வாங்கினால் விலை குறையும் என்றார் கடைக்காரர்.
தூக்கப்போவது அவரில்லை.

திரும்பும் வழிக்குத் தண்ணி லாரி.
டில்லிபாபு சிரித்துக்கொண்டே ஓட்டினான்:
"கம்பம் நம்பரெல்லாம் அட்ரஸாக்கா?"
பின்னால் குழாய் ஒழுகி
சாலை முழுக்க எங்கள் தடம்,
வெயில் அதைக் குடித்துக்கொண்டே வந்தது.

கம்பத்தில் யாரோ லுங்கி கட்டிக் காயவைத்திருந்தார்கள்.
விலக்கினேன். கோடு இருந்தது.
முதலில் இடது கால்.

நல்லுசாமியைப் பிடித்தது நூற்று இருபத்தொன்றில்.
கால்களை ஜன்னலில் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.
பழம், மாத்திரை, தீப்பெட்டியைச் சீட்டில் வைத்தேன்,
சில்லறையைத் தீப்பெட்டிக்குள்.
கூலியாக ஒரு பழம் பிய்த்துக்கொண்டேன்.

நூற்று முப்பது தாண்டும்போது
வரிசை முழுவதும் ஒன்றாய் உறுமியது.
ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்தார்,
கையில் உரித்த பழம்.
இரண்டு கம்பம் தள்ளி நின்றது.
நான் கடந்தேன், கையசைத்தேன்.
மறுபடி அவர். மறுபடி ஹார்ன்.
மூன்றாவது முறை கடக்கையில்
ஒருவரை ஒருவர்
பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.