ஆறரை மணி நேரத்துக்கு வாடகை

துபாய் என்றால் ஒரு ராத்திரி.
சிங்கப்பூர் என்றால்
பெட்டியை வேனிலிருந்து இறக்கி பிளக் தேடுவதற்குள்
திருச்சியில் இறங்கியாச்சு என்று போன் வந்துவிடும்.
கால்கரி இரண்டு நாள், பனி கொட்டினால் மூன்று.
கொரடாச்சேரி கடைத்தெருவில்
குளிர்பெட்டி வாடகைக்கு விடுகிறவனுக்கு
உலகம் இவ்வளவுதான் அகலம்.

ஆக்லாந்து இதுவரை வந்ததில்லை.

வைத்தியலிங்கம்,
கொள்முதல் நிலையத்தில் முப்பது வருஷம் மூட்டை எண்ணியவர்,
ஆவணி நாலாம் தேதி விடிகிற நேரத்தில் அடங்கிப்போனார்.
ஒரே பெண், தமயந்தி.
பந்தல்காரர், பூக்காரர், சாம்பல் கரைக்கப் படித்துறை பார்க்கப் போனவர்
எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள்,
எப்ப வரும்?

செல்போனைத் தடவிப் பார்த்துச் சொன்னேன்.
சிங்கப்பூர் வரைக்கும் எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர்,
பத்தரை மணி நேரம்.
அங்கே உட்கார்ந்திருப்பது ஐந்து.
அப்புறம் திருச்சிக்கு நாலு மணி, பத்து நிமிஷம்.
நாளைக் காலை பத்துக்கு ஏறுகிறது,
நாளை ராத்திரி பதினொன்று பத்துக்கு இறங்கும்.

பங்காளி ஒருவர் விரல் மடக்கினார்.
பத்துக்கு ஏறி பதினொண்ணுக்கு இறங்கினா பதிமூணு மணி நேரம்.
நீ இருபதுங்கிறே.
நடுவுல ஆறரை மணி நேர வாடகை
யார் தலையில?

அங்கே பொழுது முந்தி விடியுதுங்க என்றேன்.
அதுக்கு நாங்க என்ன பண்றது என்றார்.

அவர் சொன்னதும் சரிதான்.
தேதி ஒன்றுதான், ஏறுவதும் இறங்குவதும்.
ஆனால் கம்ப்ரசர் சூரியனைப் பார்த்து ஓடுவதில்லை,
மண்ணெண்ணெய் வாசனையோடு
ஜெனரேட்டரைப் பார்த்து ஓடுகிறது.

வைகாசிக் கடைசியில் மேட்டூரில் திறந்த தண்ணீர்
இந்த வாய்க்காலுக்கு வரப் பதினோரு நாள் ஆனது.
முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லை.
டார்ச் லைட்டோடு மதகில் நின்று
எங்க வருது, எங்க வருது என்று
போகிறவன் வருகிறவனையெல்லாம் கேட்டது
இந்த வைத்தியலிங்கம்தான்.
இப்போது மற்றவர்கள் கேட்கிறார்கள்.
நான் போனைக் காட்டுகிறேன்:
கடலுக்கு மேல் ஒரு மஞ்சள் பொட்டு,
அந்தமானுக்குத் தெற்கே,
நகர்கிற மாதிரியே தெரியவில்லை.

பதினொன்று பத்து என்றால் பதினொன்று எட்டுக்கே இறங்கிவிட்டது.
ஒரு மணிக்கு முன்னால் தஞ்சாவூரைத் தாண்டிவிட்டாள்.
ஒன்று நாற்பதுக்குப் போன்.
நீடாமங்கலம் கேட்ல நிக்கிறோம்ணே.
கூட்ஸ் வண்டி. எஞ்சினைக் கழற்றி
மறுபக்கம் மாட்டுகிறார்கள்.
பதினோராயிரம் கிலோமீட்டரைத் தாண்டி வந்தவள்
இரண்டு இரும்புக் கம்பிக்கு அந்தப் பக்கம்.
ஒன்றும் பேசவில்லை. வைக்கவும் இல்லை.
போனில் ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம்,
கடலைக்காரரின் குரல்,
கார் இண்டிகேட்டரின் டிக் டிக்.

வந்தபோது உடம்பில் அந்த ஊர்க் குளிருக்குப் போட்ட கோட்டு.
கழற்ற மறந்திருந்தாள்.
கண்ணாடி ஆவி பிடித்திருந்தது.
துடைக்கத் துணி எடுத்தேன்,
அதற்குள் கோட்டுக் கையால் அவளே துடைத்தாள்,
பஸ் ஜன்னலைத் துடைத்து ஊர் வந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல.

காரியம் முடிந்த மத்தியானம்
ரசீதில் பதிமூன்று மணி நேரம் என்றே போட்டேன்.
பங்காளி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

கடை நோட்டில் கால்கரிக்குக் கீழே எழுதியிருக்கிறேன்:
ஆக்லாந்து, இரண்டு நாளுக்குக் கொஞ்சம் குறைச்சல்.
கேட்டுக்கு நாற்பது நிமிஷம் தனி.