நாலு விரற்கடை

வினிபெக்கில் ஒக்டோபரிலேயே
காது மடல் நம்முடையதில்லை என்றாகிவிடும்.
அந்தக் குளிரில்
நூலகத்துக்கும் பொறியியல் கட்டடத்துக்கும் நடுவே
புல்லில் ஒரு பந்தல் போட்டார்கள்.
கலியாணமில்லை, செத்தவீடுமில்லை.
ஏழு நாள் அதற்குள் இருந்து சாப்பிட வேண்டுமாம்.
கூரைக்கு ஸ்புரூஸ் கிளை.
நட்சத்திரம் தெரிகிற அளவுக்குத்தான் வேயலாம்,
ஒழுகாத கூரை செல்லாது.
நான் இரவுக் காவல், பதினொன்றிலிருந்து ஏழு வரை.
ஒழுக வேண்டிய கூரையைக் காப்பது
இதுதான் முதல் தடவை.

மூன்றாம் இரவு
வாகனத் தரிப்பிடத்தை நான் சுற்றி வந்த
பன்னிரண்டு நிமிடத்தில்
மேற்குச் சுவர்த் துணியில் எழுதிவிட்டார்கள்.
கறுப்பு ஸ்ப்ரே. கடைசிச் சொல்லில் எழுத்துப்பிழை.
என்ன எழுதியிருந்தது என்று இங்கே சொல்ல மாட்டேன்.
அறிக்கையில் எழுதினேன், அது சம்பளத்துக்கு.
சேதம்: துணி, ஒன்று.
மதிப்பு: நாற்பது டாலர்.
வகை: என்ற இடத்தில் நாலு பெட்டி.
மூன்று பொருந்தவில்லை.
நாலாவது, ‘வேறு’.

விடிய முதல் வந்தவள் ஹடாசா.
இரண்டு தரம் வாசித்தாள்,
மருந்துச் சீட்டு வாசிப்பதைப்போல.
பிறகு ஸேவ் வந்தான். அப்படியே இருக்கட்டும் என்றான்,
வகுப்புக்குப் போகிற எல்லாரும் பார்க்கட்டும்.
இதைப் பார்த்துக்கொண்டு நான் சூப் குடிக்க மாட்டேன்
என்றாள் அவள்.
முதலாம் ஆண்டுப் பெடியன் ஒருவன்
கழுத்துச் சங்கிலியை ஸ்வெட்டருக்குள் விட்டான்,
வெளியே எடுத்தான்,
மறுபடி உள்ளே.
அவன் போன் ஓயாமல் அடித்தது. அம்மா.

ஒன்பது மணிக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து
மனம் வருந்துவதாகச் சொன்னார்.
நிலக்கீழ் அறை ஒன்று இருக்கிறதாம், சூடானது,
பூட்டும் உண்டு.
‘அங்கே நட்சத்திரம் தெரியுமா?’
நல்ல மனிதர்.
அண்ணாந்து பார்த்தார். பகல்.

பொலிஸ் துணியைக் கழற்றிச் சுருட்டிக் கொண்டுபோனது.
முன்பக்கம் ஏற்கெனவே வாசல்,
மிச்சம் இரண்டு சுவர்.
‘போதும்’ என்றாள் ஹடாசா.
இரண்டு சுவரும் மூன்றாவதில் நாலு விரற்கடையும்
இருந்தால் பந்தல் பந்தல்தான், சட்டமே அப்படி.
கையை மடக்கி அளந்து காட்டினாள்.
எவ்வளவு போனாலும் வீடு வீடாக இருக்கும் என்று
எந்தக் காலத்திலோ யாரோ
உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.
உடைந்த புத்தக அலுமாரியின் பலகையொன்றை
ஸேவ் மூலையில் கட்டினான்,
அவளோடு பேசாமலே.

அன்றிரவு நான் வேலைக்கு வந்தபோது
முப்பது பேர் இருக்கிற மேசையில் பதினொரு பேர்.
வராதவர்களைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.
எனக்கும் ஒரு கதை உண்டு,
அக்கா பொட்டை அழித்துவிட்டு பஸ் ஏறிய கதை.
வாயெடுத்தேன். விட்டேன்.
இது அவர்களுடைய மேசை.

கிளைகளுக்கு ஊடாக முதல் பனி இறங்கியது.
‘கஞ்சி கெடுகிற அளவு மழை வந்தால்
எழும்பிப் போகலாம், அதுவும் சட்டம்’ என்றாள்.
‘எழுத்துக்கு? எந்த அளவு எழுதினால் எழும்பலாம்?’
கரண்டி அந்தரத்தில் நின்றது.
‘அதுக்குத்தான் நானும் ஸேவும்
காலையிலிருந்து சண்டை.’

ஒரு கோப்பையை நீட்டினாள்.
கடமை நேரத்தில் உள்ளே போகக்கூடாது,
இது எங்களுடைய சட்டம்.
மேற்கில் சுவரில்லை.
நான் நின்ற இடம் உள்ளா வெளியா என்று
எந்தப் பெட்டியும் கேட்கவில்லை.
வாங்கினேன்.
பனித்துகள் ஒன்று சூப்பில் விழுந்து காணாமல் போனது.
குடித்துப் பார்த்தேன்.
கெடவில்லை.
உப்புத்தான் கொஞ்சம் குறைவு.