நான்கு நாள் வாடகை

நாளுக்கு முந்நூறு வெள்ளி என்றார்கள்.
அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச்
சாவியைக் கொடுத்தாள்.
நாங்கள் நால்வரும் பின் லயத்தில்
கோகிலாக்கா வீட்டில் பாய் விரித்தோம்.

கதை இதுதான்:
கணவன் இல்லாத ஒருத்தி, மூன்று பெண் பிள்ளைகள்,
பெடோங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம்.
"உங்க கதை மாதிரியே இருக்கும்க்கா" என்றார் இயக்குநர்.
"அவளுக்கு என்ன ஷிப்டு?" என்று கேட்டாள் அம்மா.
அவர் குறித்துக்கொண்டார்.

சுவர் ரொம்பப் புதுசாக இருக்கிறதாம்.
தீபாவளிக்கு நாங்களே அடித்த இளம்பச்சையின் மேல்
கரியும் தேயிலைத் தண்ணீரும் பூசினார்கள்.
பெரியக்கா தவணையில் வாங்கிய துணி மெஷினைப்
போர்வை போட்டு மறைத்தார்கள்.
ஏழை வீட்டில் இது இருக்காது என்றான்
தொப்பியைத் திருப்பிப் போட்ட பையன்.

பிறகு ஓர் ஆணி அடித்தார்கள்.
அதில் மீசை வைத்த யாரோ, பிளாஸ்டிக் மாலையோடு.
கதையில் அப்பா செத்துப்போய்விட்டாராம்.

எங்கள் அப்பா சாகவில்லை.
சுங்கை பட்டாணியில் லோரி ஓட்டுகிறார்.
அங்கே ஒரு மகன்.
அவனுக்கு என் மூக்கு.

கடைசி நாள் காலை நடிகை அழ வேண்டும்,
அடுப்படியில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.
ஏழு தடவை அழுதாள். நன்றாகத்தான் அழுதாள்.
எங்கள் கடைக்குட்டி வினோஷாவும் சேர்ந்து அழுதாள்.
ஃபேக்டரி பஸ்ஸில் வந்து இறங்கிய அம்மா
கையுறை ரப்பர் வாடையோடு வாசலில் நின்றாள்.
"நீங்கன்னா எப்படி அழுவீங்கக்கா?"
அம்மா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.
"அவரு போன அன்னிக்கு எனக்கு நைட் ஷிப்டு, தம்பி.
லீவு போட்டா அலவன்ஸை வெட்டிடுவாங்க."

விளக்குகளை வேனில் ஏற்றினார்கள்.
மாலையை எடுத்தார்கள், மீசைக்காரரை எடுத்தார்கள்.
தொப்பிப் பையன் ஆணியைப் பிடுங்க வந்தபோது
"அது கிடக்கட்டும்" என்றாள் அம்மா.

ஆயிரத்து இருநூறு வெள்ளி.
கரண்டு பாக்கி, மெஷின் தவணை, வினோஷாவுக்கு மூக்குக்கண்ணாடி,
மிச்சத்தில் ஒரு டின் பெயிண்டு, அதே இளம்பச்சை.
ஆணியைச் சுற்றித்தான் அடித்தோம்.
இப்போது அதில் அம்மாவின் ஃபேக்டரி அட்டை தொங்குகிறது,
கண்ணை மூடித் திறப்பதற்குள் எடுத்த முகத்தோடு.

படம் பட்டணத்தில் ஓடியபோது போக முடியவில்லை.
பிறகு யாரோ கைப்பேசிக்கு அனுப்பினார்கள்.
நான்கு தலைகள் ஒரு சின்னத் திரைமேல்.
எங்கள் அடுப்பு, எங்கள் சட்டி,
வாயைப் பொத்தி அழுகிற அவள்.
பெரியக்கா மூக்கை உறிஞ்சினாள்.
எனக்கும் தொண்டை அடைத்தது.
அம்மா கிட்ட குனிந்து பார்த்தாள்.

"எந்திரிச்சு அடுப்பக் கொறைடி," என்றாள்,
"குழம்பு அடிப்பிடிக்குது பாரு."