ஒன்பதுக்கு இடம்

எஸ்பியர் துறைமுகத்தில்
காற்றாலை இறக்கைகள் படுத்துக் கிடக்கின்றன,
கப்பலுக்காக.
அவற்றில் ஒன்றின் நீளத்தை
மூன்றாம் வகுப்பு வில்லஸ் எழுதுகிறான்:
இருபத்தொன்பது மீட்டர்.
டீச்சர் சொன்னது தொண்ணூற்றிரண்டு.

சிவப்பு மை இரண்டு வருடமாக
அவனுக்குச் சொல்லிவருவது ஒரே சொல்:
கவனம்.

டேனிஷ் மொழியில் தொண்ணூற்றிரண்டு என்றால்
'இரண்டும் அரையைந்தும்.'
எதனுடைய அரை, ஏன் ஐந்து என்று
கடைக்காரரைக் கேட்டாலும் தெரியாது;
சில்லறை மட்டும் சரியாக வரும்.
(சிரிக்க வேண்டாம். நம் தொண்ணூறும்
நூறைத் தோளில் போட்டுக்கொண்டுதான்
நூறுக்குக் கீழே நிற்கிறது.)

மழைக்காலணிகள் சொட்டும் நடைவழியின் கோடியில்
ஒரு சிறு அறை. மூன்று நாற்காலி.
வாரம் நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிடம்,
பன்னிரண்டு வாரம்.
வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடமே ஆன சோல்வை
சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து
உள்ளே வருகிறாள்.

"எப்படி எழுதினாய்?"
தப்பு என்றால்தான் இந்தக் கேள்வி வரும்.
வில்லஸ் அழிப்பானை எடுத்தான்.
"அழிக்காதே. சொல்."
"இரண்டு என்றுதான் முதலில் கேட்டது.
முதலில் கேட்டதை முதலில் எழுதினேன்."

கவனக்குறைவா?
இவ்வளவு கவனமாக அந்த வகுப்பில்
வேறு யாரும் கேட்டதில்லை.

ஐஸ்குச்சிகள். ரப்பர் வளையங்கள்.
பத்துப் பத்தாய் ஒன்பது கட்டு,
உதிரி இரண்டு.
ஒரு கட்டை அவிழ்த்து எண்ணினான்,
நம்பாமல். பத்துதான்.
மறுநாளும் அவிழ்த்தான்.
இருபதில் ஆறு நிமிடம் போயிற்று.
போகட்டும் என்று விட்டாள்.

ஆஸ்தாவின் சிக்கல் வேறு.
படத்தில் குதிரை நின்றால் வாக்கியத்திலும் குதிரை.
எழுதியிருப்பது வீடு.
அவர்கள் மொழியில் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்று;
மிச்சத்தை அவள்
டீச்சரின் புருவத்தில் படிப்பாள்.
சோல்வை படத்தின் மேல் கையுறையை வைத்தாள்.
தன் முகத்தை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டாள்.
ஹ். ஊ. ஸ்.
ஹூ... ஸ்.
குதிரை போய்விட்டது.
ஹூஸ்.

வெள்ளிதோறும் ஒரு நிமிடம், கடிகாரம், கட்டம் போட்ட தாள்:
பத்தொன்பது சொல். இருபத்தொன்று.
இருபது. இருபது. இருபது.
கோடு மேசையைப் போலப் படுத்துவிட்டது.
"அந்தப் பிள்ளைக்கு வராது போல" என்றார்
ஓய்வறையில் காபி ஊற்றிக்கொண்டே ஒருவர்.
சோல்வைக்கும் ஒரு கணம் அப்படித்தான் பட்டது.
பிறகு தாளை மறுபடி பார்த்தாள்:
இது ஆஸ்தாவின் கோடு இல்லை.
மூன்று வாரமாக ஒரே மருந்தை ஊற்றியது யார்?

வாயில் வராமல் தாளில் மட்டும் நிற்கும்
ஊமை எழுத்துகளை
அன்றிரவு சாம்பல் பென்சிலால் வரைந்தாள்.
பக்கத்தைக் குறைத்தாள், பத்துச் சொல் போதும்.
அடுத்த வெள்ளி, இருபத்து நான்கு.

யெப்பெ பற்றி எழுத அதிகமில்லை.
ஒருநாள் விடாமல் வந்தான்,
குச்சிகளால் கோபுரம் கட்டினான்.
அவன் பூட்டின் சாவி இந்தக் கொத்தில் இல்லை.
அறிக்கையில் அவன் பெயருக்கு எதிரே
'இன்னும்' என்று எழுதி
முற்றுப்புள்ளி வைக்காமல் விட்டாள்.

கடைசி நாள்.
"தொண்ணூற்றிரண்டு."
வில்லஸ் பென்சிலைத் தூக்கிப் பிடித்தான்.
கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினான்.
இரண்டை எழுதினான், முதலில்,
கேட்டபடியே.
இடமிருந்து எழுது என்று சொல்ல
வாயைத் திறந்த சோல்வை
மூடிக்கொண்டாள்.

இரண்டுக்கு முன்னால்
விரல் அகலம் வெறும் தாள்.
அரையைந்து வந்து சேரும்வரை
அந்த இடத்தை அவன்
யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தான்.