மூன்றரை கிலோவாட்

கை கழுவும் தொட்டியில் சுடுதண்ணீர் வரவேண்டும் என்று
எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் சுகாதார அலுவலர்.
எவ்வளவு சூடு என்று எழுதவில்லை.

வுப்பர்டாலில், ஃபோவிங்கல் பக்கம், எங்கள் கடை.
மேலே தொங்கும் ரயில் போகும்போதெல்லாம்
கண்ணாடி அலமாரிக்குள் றோல்ஸ் தட்டுகள்
கிணுகிணுக்கும்.
றோல்ஸ் இன்னும் இல்லை. தட்டுகள் மட்டும்.
திறப்புக்கு ஒன்பது நாள்.

பின்னறையில் கொதிகலன் இருக்கிறதே,
குழாயை இழுத்துவிடலாம் என்றாள் சுகிர்தா.
அளந்தேன். பதினொரு மீட்டர்.
சூடு வந்து சேருமுன்
பதினொரு மீட்டர் பச்சைத்தண்ணீர் இறங்கி முடியவேண்டும்.
அதற்குள் நாங்கள்
கை துடைத்து மறுபடி மாவுக்குள் விட்டிருப்போம்.

ஐந்து லிட்டர் தாங்கி ஒன்று பார்த்தோம்.
மலிவு. தொட்டிக்குக் கீழே அடக்கமாக நிற்கும்.
கடை பூட்டிய பிறகும்
இரவெல்லாம் விழித்திருந்து
ஆறவிடாமல் தண்ணீரைக் காக்கும்,
வராத ஒருவருக்காக.
அப்படிச் சோறு காத்தவள் நான்,
நாலு வருடம்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று சுகிர்தா கேட்கவில்லை.

மிஞ்சியது, தாங்கியே இல்லாத ஒன்று.
சுவரோடு ஒட்டிக்கொள்ளும் வெள்ளைப் பெட்டி,
ஒரு சோடிச் சப்பாத்து வரும் பெட்டியளவு.
திறந்தால் சுடவைக்கும்,
பூட்டினால் மறந்துவிடும்.
அதற்குள்ளும் சாதி பிரித்து வைத்திருக்கிறார்கள்:
மூன்றரை, ஐந்தரை, பதினொன்று.

ஹெர் ப்ரிங்க்மன் மின்பலகையைத் திறந்து பார்த்து
உதட்டைக் குவித்து ஊதினார்.
இந்த வயருக்குத் தன் அப்பாவின் வயது என்றார்.
பதினொன்று என்றால் சுவரைக் கிழிக்கவேண்டும்,
எழுநூறு யூரோ,
வீட்டுக்காரரின் கையெழுத்து.
வீட்டுக்காரர் மயோர்காவில் வெயில் காய்கிறார்.
மூன்றரைக்கு ஒரு பிளக் போதும்,
அந்த வயரில் வேறெதுவும் தொங்கக்கூடாது.
ஆனால் ஜனவரியில், என்று தொடங்கி
சொல்லி முடிக்காமல்
உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

பொரிசட்டி வாங்கிய பற்றுச்சீட்டைத் திருப்பி
அன்றிரவு கணக்குப் போட்டேன்.
ஜனவரிக் குழாயில் எட்டுப் பாகை.
நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் விட்டால்
பெட்டியால் இருபத்தைந்து கூட்டமுடியும்.
முப்பத்துமூன்று.
இருபத்தைந்துதான் அதன் சொந்த உழைப்பு,
மீதி எட்டு மண்ணுக்கடியிலிருந்து வருவது.

மாஜரீன் ஒட்டின கை முப்பத்துமூன்றில் போகுமா?
கேட்டவள் சுகிர்தா.
நல்ல கேள்வி. யாருடைய அட்டவணையிலும் இல்லை.
கேத்தல் தண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து,
எண்ணெய்ச் சூடு பார்க்கும் கம்பியை விட்டு
முப்பத்துமூன்றில் நிறுத்தினேன்.
நடுச்சாமத்தில் இரண்டு பெண்கள்
முழங்கைவரை மாஜரீன் பூசிக்கொண்டு நின்றோம்.
பார்த்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள்.

போனது. மெதுவாக, சவர்க்காரத்தோடு.
என் கையை எடுத்துவிட்டேன்.
அவள் எடுக்கவில்லை.
பிரேமர்ஹாஃபனில் ஆறு வருடம்
ஐஸுக்குள் மீன் பொறுக்கின விரல்கள்;
இரண்டுக்கு இன்னும் நுனி மரத்திருக்கிறது.
"இது சூடு இல்லை" என்றாள்,
கொஞ்சம் பொறுத்து,
"எண்டாலும் காணும்."

பூட்டிய அன்று ஆசையில் முழுதாகத் திறந்தேன்.
வெதுவெது என்றுகூடச் சொல்லமுடியாது.
ப்ரிங்க்மன் என்னை விலக்கி,
கீழே குனிந்து,
வால்வை ஒரு சுற்று இறுக்கினார்.
இடியப்ப நூல்போல் மெலிந்தது தண்ணீர்.
மெலிய மெலியச் சூடு ஏறியது.
அவசரக்காரருக்கு அந்தப் பெட்டி
ஒன்றும் செய்யாது.

அலுவலர் வந்தார்.
விரலை நீட்டினார், தலையசைத்தார், கையெழுத்திட்டார்.
மேலே ரயில் போனது. தட்டுகளில் இப்போது றோல்ஸ்;
சத்தம் வரவில்லை.

வருட முடிவில் வரிக்கணக்குப் பார்க்கிறவர்
பொரிசட்டிப் பற்றுச்சீட்டைத் திருப்பிப் பார்த்து
பின்பக்கம் இது என்ன என்று கேட்டார்.
ஜனவரி என்றேன்.