வலை இல்லாத வளையம்

ஜெனிஸ்ரனைக் கொழும்பில ஒரு கொம்பனி ரீம் கேட்டிருக்கு.
மூண்டு வருச ஒப்பந்தம், மாதச் சம்பளம், சப்பாத்து.
படிவத்தில ஒரு கட்டம்:
பயிற்றுநர் பெயர், சான்றிதழ் இலக்கம்.

என்னட்டை விசில் இருக்கு. இலக்கம் இல்லை.
ஐஸ் பக்டரியில இரவு வேலை முடிச்சு
விறைச்ச விரலோடைதான்
குருநகர்க் கொங்கிறீற்றில ஐஞ்சரைக்கு நிப்பன்.

"என்னெண்டு எழுத, அண்ணை?"
பள்ளிக்கூட பி.ரி. மாஸ்ரரின்ரை பேரைப் போடு எண்டன்.
மனுசன் கிரிக்கெட்காரன்,
ஆனா இலக்கம் இருக்கு.
பேனை முதல் எழுத்தில நிண்டது.
பிறகு ஓடிச்சுது.

முதல் மட்ச் முடிஞ்ச இரவு போன் எடுத்தான்.
"இங்க வளையத்தில வலை இருக்கு.
பந்து விழேக்கை சரக் எண்டு ஒரு சத்தம், அண்ணை,
நான் நிண்டு கேட்டிட்டன்.
நான் மறிக்கவேண்டியவன் அதுக்குள்ள ஓடிப்போய்ப் போட்டிட்டான்.
கோச் என்னை வாங்கில இருத்திப்போட்டார்."

விழுந்து விழுந்து சிரிச்சன்.
சிரிச்சு முடிய நித்திரை வரேல்லை.

ஞாயிறு பூசை முடிய,
கரையில கழிச்ச இறால்வலைத் துண்டொண்டை
ஏணி வைச்சு வளையத்தில கட்டினன்.
சோபிதா எறிஞ்சாள், பன்னிரண்டு வயசு, இடக்கைக்காரி.
சத்தம் வரேல்லை.
பந்து மீன்மாதிரி அதுக்குள்ளயே கிடந்தது.

அடியைக் கொஞ்சம் வெட்டவேணும்.